ஆசனம் போனவரும் ஓட்டுப் போனவர்களும்



"எம்.பி.ன்னா யாருங்க? அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வந்து கும்பிடு போட்டுட்டுப் போறவர்தானே?" லயத்துப் பக்கம் போகும்போது நம்மிடம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் கிண்டல் இருக்கிறது, கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. பாராளுமன்றத்தில் ஓர் ஆசனம் எப்படிக் கிடைக்கிறது, எப்படிப் போகிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்று யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லித் தந்ததில்லை. இந்த இதழில் அதைப் படிப்போம்.

மலையகத்து எம்.பி. யாரையும் நாம் இதற்கு எடுக்கவில்லை. எடுத்தால் எந்தச் சங்கம், எந்தக் கட்சி என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் தூரத்தில் உள்ள திருகோணமலை மாவட்டத்துக்குப் போவோம். அங்கே பல தடவை எம்.பி.யாக இருந்து, 2024 ஜூன் 30ஆம் திகதி 91 வயதில் காலமான இரா. சம்பந்தன் அவர்களின் பொதுவாழ்க்கை இந்தப் பாடத்துக்கு ஏற்றது. அவருக்கு ஆசனம் கிடைத்தது, போனது, திரும்பக் கிடைத்தது, மறுபடியும் போனது. நாம் யாருக்கும் ஓட்டுக் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறோம்.

முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். திருகோணமலை நகரிலிருந்து கடலோரமாக வடக்கே போகும் பாதையில் உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, திரியாய் என்று ஊர்கள் வரும். யான் ஓயாவைத் தாண்டினால் புல்மோட்டை. ஏறக்குறைய 55 கிலோமீற்றர் தூரம். அதற்கும் அப்பால் கொக்கிளாய்க் களப்பு, பிறகு முல்லைத்தீவு மாவட்டம். புல்மோட்டையில் பெரும்பாலும் முஸ்லிம் மக்கள். கடலும் வயலும் அவர்கள் தொழில். பாதையோரம் தமிழ்க் கிராமங்கள் இருக்கின்றன, உள்பக்கம் சிங்களக் குடியேற்றங்கள் இருக்கின்றன.

புல்மோட்டைக் கடற்கரை மணல் கறுப்பு நிறம். இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் என்ற கனிமங்கள் அதில் கலந்திருக்கின்றன. இதை எடுப்பதற்காக 1957இல் அரசாங்கம் கனிய மணல் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. நாம் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை கொடுக்கும் பொருள் இந்த மாதிரிக் கறுப்பு மண்ணிலிருந்துதான் செய்யப்படுகிறது என்றால் நம்புவீர்களா? மண் கப்பல் ஏறிப் போகும், பெயின்ட் வேறு நாட்டிலிருந்து வரும். நம்ம கொழுந்து பெட்டியில் ஏறிப் போன பிறகு என்ன விலைக்குப் போச்சு என்று நமக்குத் தெரியாது பாருங்க, அந்தக் கதையேதான்.

இந்தப் பக்கத்துக்கும் நமக்கும் வேறு தொடர்பும் உண்டு. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். புல்மோட்டைக்கு உள்பக்கமாக, மணலாற்றில் இருந்த கென்ட், டொலர் பண்ணைகளில் குடியேறியவர்கள் 1984இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். இதை வாசிக்கிற சிலருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா, பெரியம்மா உறவு இன்னும் இருக்கும்.

இப்போது ஓட்டு விஷயத்துக்கு வருவோம். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை ஆகியோர் அவர்களில் இருவர். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜாவுரிமை இல்லாதவர் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1952 தேர்தலில் ஒருவர்கூட வர முடியவில்லை. 7 எங்கே, பூஜ்யம் எங்கே! அதற்குப் பிறகு நம் மக்கள் ஓட்டில் ஜெயித்து ஒருவர் உள்ளே போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் கிடைத்ததெல்லாம் நியமன ஆசனம்தான். மேலே இருப்பவர் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நம் ஓட்டுப் பறிபோன இந்த விவகாரத்தில்தான் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. தோட்ட மக்களைக் கைவிட்டுவிட்டு அரசாங்கத்தோடு நிற்க முடியாது என்று எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து வந்து, 1949 டிசம்பர் 18ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார். 1956இல் அந்தக் கட்சியில் சேர்ந்த இளைஞர்தான் சம்பந்தன். 1933 பெப்ரவரி 5ஆம் திகதி பிறந்தவர், சட்டக் கல்லூரியில் படித்து வழக்கறிஞரானவர். தேர்தலில் நிற்கும்படி செல்வநாயகம் முன்னரே கேட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கட்சியில் சேர்ந்து 21 வருடம் கழித்து, 44 வயதில்தான் முதல் தடவை போட்டியிட்டார். இந்தக் காலத்தில் கட்சியில் சேர்ந்த மறுமாதமே படத்தைப் போட்டு போஸ்டர் ஒட்டுகிறவர்களைப் பார்க்கும்போது இது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

1977 ஜூலை 21 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில் திருகோணமலைத் தொகுதியில் வென்றார். கூட்டணிக்கு மொத்தம் 18 ஆசனம். எதிர்க்கட்சிகளில் அதுவே பெரியது என்பதால் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். சம்பந்தன் எம்.பி.யாகி ஒரு மாதம்கூட ஆகுமுன் நாம் மேலே சொன்ன ஆகஸ்ட் கலவரம் வந்துவிட்டது.

அந்த ஆசனம் 6 வருடத்தில் போய்விட்டது. எப்படிப் போனது என்பதைக் கவனமாகப் பாருங்கள். 1982 டிசம்பரில் அரசாங்கம் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, பொதுத் தேர்தல் வைக்காமலே பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் 6 வருடத்துக்கு நீட்டிக்கொண்டது. மக்கள் நமக்குத் தந்த தவணை முடிந்துவிட்டது, இதற்கு மேல் உட்கார முடியாது என்று கூட்டணிக்காரர் 1983 நடுப்பகுதியில் சபைக்குப் போவதை நிறுத்தினார்கள். ஜூலைக் கலவரம் முடிந்த கையோடு, ஆகஸ்ட் 8ஆம் திகதி, அரசியலமைப்புக்கு 6ஆவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று ஒவ்வொரு எம்.பி.யும் சத்தியம் செய்ய வேண்டும். தனிநாடு கேட்டுத்தான் 1977இல் ஓட்டு வாங்கியவர்கள் இவர்கள், சத்தியம் செய்யவில்லை. அனுமதி பெறாமல் 3 மாதம் சபைக்கு வராதவரின் ஆசனம் தானாகவே வெறுமையாகும் என்றும் ஒரு விதி இருக்கிறது. 1983 செப்டெம்பர் 7ஆம் திகதி சம்பந்தனின் ஆசனம் போனது. மற்றவர்களுக்கும் அதே கதிதான்.

நம்மிடம் ஓட்டை எடுத்தார்கள், அதனால் ஆசனம் போனது. அவர்களிடம் ஓட்டு இருந்தது, ஆசனத்தை எடுத்தார்கள். வழி வேறு, முடிவு ஒன்று. சட்டம் செய்யும் இடத்தில் அந்த மக்களுக்காகப் பேச ஆள் இல்லை. பேச ஆள் இல்லாத அந்த வருடங்களில்தான் நாட்டில் எல்லாம் கைமீறிப் போனது என்பது நம்முடைய கருத்து.

பிறகு 14 வருடம் அவர் எம்.பி. இல்லை. 1985இல் பூட்டானில் திம்புப் பேச்சுவார்த்தை நடந்தபோது கூட்டணியின் குழுவில் போனார். 1989இல் போட்டியிட்டுத் தோற்றார். 1994இல் நடந்தது தனிப் பாடம், அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

1977 வரை ஒரு தொகுதியில் கூடுதல் ஓட்டு எடுத்தவர் எம்.பி. 1989லிருந்து முறை மாறியது. மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி மாதிரி. திருகோணமலை மாவட்டத்துக்கு 4 ஆசனம். புல்மோட்டை மீனவர், மூதூர் விவசாயி, கந்தளாய்க் குடியேற்றவாசி, நகரத்து வியாபாரி எல்லோரும் ஒரே ஓட்டுச்சீட்டில்தான் போடுகிறார்கள். முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி. அதற்குப் பிறகு, அந்தக் கட்சி வேட்பாளர்களில் 3 பேர் வரை அவர்களுடைய இலக்கத்துக்கு விருப்பு வாக்கு. கட்சி ஓட்டைக் கணக்குப் பார்த்து எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று பிரிப்பார்கள். கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தால், விருப்பு வாக்கில் முதலாவது வந்தவர் எம்.பி. இரண்டாவது வந்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

1994இல் கூட்டணிக்குத் திருகோணமலையில் ஓர் ஆசனம் கிடைத்தது. விருப்பு வாக்கில் அருணாசலம் தங்கத்துரை முதலாவது, சம்பந்தன் இரண்டாவது. தங்கத்துரை கிளிவெட்டிக்காரர், 1970இல் மூதூர் எம்.பி.யாக இருந்தவர். 1997 ஜூலை 5ஆம் திகதி திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் ஒரு வைபவத்துக்குப் போனபோது குண்டுத் தாக்குதலில் அவரைக் கொன்றுவிட்டார்கள். பதினைந்தே நாளில், ஜூலை 20ஆம் திகதி, அதே மாவட்டத்து முஸ்லிம் எம்.பி. எம்.ஈ.எச். மஹ்ரூப் கொல்லப்பட்டார். புல்மோட்டைக்குப் போகும் அந்த நிலாவெளிப் பாதையில்தான் அதுவும் நடந்தது. ஒரே மாதத்தில், ஒரே மாவட்டத்தில், ஒரு தமிழர், ஒரு முஸ்லிம்.

எம்.பி. இறந்தால் அவர் பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவருக்கு ஆசனம் போகும். இடைத்தேர்தல் கிடையாது. அப்படித்தான் 1997இல் சம்பந்தன் மறுபடி பாராளுமன்றம் போனார், கொல்லப்பட்ட நண்பரின் ஆசனத்தில் உட்கார. அப்போது தமிழ் எம்.பி.யாக இருப்பது என்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பதுதான். அமிர்தலிங்கம் 1989இலும், நீலன் திருச்செல்வம் 1999இலும் கொழும்பில் கொல்லப்பட்டார்கள்.

2000ஆம் ஆண்டுத் தேர்தலில் மறுபடியும் தோல்வி. 2001 ஒக்டோபரில் 4 தமிழ்க் கட்சிகள் ஒன்றுசேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உண்டானது. அந்த டிசம்பர்த் தேர்தலில் திருகோணமலையில் வென்றார். பிறகு 2004, 2010, 2015, 2020 என்று ஒரு தடவையும் தோற்கவில்லை. தமிழர் ஓட்டு நாலாகப் பிரிந்தபோது தோற்றவர், ஒரே பெட்டியில் விழுந்தபோது வென்றார். சின்னக் கணக்குத்தான், ஆனால் நம்ம ஆட்களுக்கு இது அவ்வளவு சீக்கிரம் புரிவதில்லை. நுவரெலியா மாவட்டத்தில் எத்தனை சங்கம், எத்தனை பட்டியல் என்று எண்ணிப் பாருங்க.

2009இல் யுத்தம் முடியும் தறுவாயில் புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் ஏற்றிப் புல்மோட்டையில் இறக்கியது. இந்தியாவிலிருந்து வந்த மருத்துவர் குழு அங்கே தற்காலிக ஆஸ்பத்திரி அமைத்துச் சிகிச்சை செய்தது. கறுப்பு மணல் ஏற்றுமதியால் மட்டும் அறியப்பட்ட ஊரின் பெயரை உலகம் அப்போது வேறு காரணத்துக்காகக் கேட்டது. சபையில் அந்த மக்களின் நிலையைப் பற்றிச் சம்பந்தனும் அவர் கட்சியினரும் பேசினார்கள். பேச்சால் யுத்தம் நிற்கவில்லை. ஆனால் பாராளுமன்றத்தில் பேசியது அப்படியே அச்சாகி ஹன்சார்ட் என்ற புத்தகத்தில் இருக்கும். பிறகு யாரும் "அப்படி ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொன்னால் எடுத்துக் காட்டலாம்.

எம்.பி.யால் ஆகக்கூடிய காரியத்துக்கு ஓர் உதாரணம் சம்பூர். இது துறைமுகத்துக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கம் இருக்கிற ஊர். 2006 யுத்தத்தில் அந்த மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். யுத்தம் முடிந்தும் திரும்ப விடவில்லை. காணியைக் கைத்தொழில் வலயத்துக்கென்று எடுத்துவிட்டார்கள். ஒரு பகுதியில் கடற்படை முகாம். மக்கள் கிளிவெட்டி முதலான இடங்களில் தகரக் கொட்டிலில் பல வருடம் கிடந்தார்கள். சம்பந்தன் இதை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 2015இல் ஆட்சி மாறியதும் 818 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடற்படை இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் வந்தது. வேலியும் கிணறும் அழிந்து, வீடு இருந்த இடம் பற்றையாய்க் கிடந்தாலும், தன் காணி தன் கைக்கு வந்தது வந்ததுதான். லயத்தில் 4 தலைமுறை இருந்தும் கால் வைக்கிற நிலம் தன் பெயரில் இல்லாதவர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்கத் தேவையில்லை.

புல்மோட்டை போன்ற ஊரை வைத்துப் பார்த்தால் இன்னொரு விஷயம் நமக்கு முக்கியமாகத் தெரிகிறது. சம்பந்தனுக்கு ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் தமிழர். மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் அதிகம். 2012 கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் கூட்டமைப்புக்கு 11 ஆசனம், முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. முதலமைச்சர் பதவியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்து ஆட்சி அமைப்போம் என்று சம்பந்தன் அழைத்தார். அவர்கள் அப்போது அரசாங்கக் கட்சியோடு போய்விட்டார்கள். 2015இல் மறுபடி வாய்ப்பு வந்தபோது, 11 வைத்திருந்த கூட்டமைப்பு 7 வைத்திருந்த முஸ்லிம் காங்கிரஸுக்கு முதலமைச்சர் பதவியை விட்டுக்கொடுத்து, தான் அமைச்சர் பதவிகளை எடுத்துக்கொண்டது. "பெரியவன் சின்னவனுக்கு விட்டுக்குடுக்கிறதா?" என்று சொந்த ஆட்களே கோபப்பட்டார்கள். 1985லிருந்து தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் வெட்டி, ஊரைக் கொளுத்தி அனுபவித்த மாகாணத்தில், அந்த விட்டுக்கொடுப்பு சரியானது என்றே நாம் நினைக்கிறோம். அந்தச் சபையின் காலம் 2017இல் முடிந்தது.

2015 செப்டெம்பர் 3ஆம் திகதி அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த தமிழர் அவர்தான். 2018 நவம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வர்த்தமானி போட்டுப் பாராளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை வருடம் ஆகுமுன் அப்படிக் கலைக்க முடியாது என்று 2015இல் கொண்டுவந்த 19ஆவது திருத்தம் அப்போது சொன்னது. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களில் முதல் பெயர் சம்பந்தனுடையது. டிசம்பர் 13ஆம் திகதி 7 நீதியரசர்களும் ஒரே குரலில், கலைத்தது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். 1983இல் சட்டத்தால் ஆசனத்தை இழந்த மனிதர், 35 வருடம் கழித்து அதே சட்டத்தைக் கொண்டு 225 பேரின் ஆசனத்தையும் காப்பாற்றினார். அதில் வேடிக்கை என்னவென்றால், 5 நாள் கழித்து, டிசம்பர் 18ஆம் திகதி, எதிர்க்கட்சித் தலைவர் பதவி அவரைவிட்டு மஹிந்த ராஜபக்ஷவுக்குப் போனது. காப்பாற்றிய சபையிலேயே கதிரை மாறியது!

குறை சொல்பவர்களும் நிறைய. யுத்த காலத்தில் புலிகளைத் தமிழரின் பிரதிநிதிகளாக ஏற்றுக்கொண்டு தேர்தலில் நின்றதைச் சிலர் குறை சொல்வார்கள். 2016க்குள் அரசியல் தீர்வு வரும் என்று நம்பிக்கையோடு சொன்னார், வரவில்லை. காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் வீதியில் இருந்தபோது எதிர்க்கட்சித் தலைவராக இருந்தும் பதில் வாங்கித் தரவில்லை என்ற ஆத்திரம் வடக்கில் பலமாக இருந்தது. கடைசிக் காலத்தில் நோயினால் சபைக்கு அதிகம் போக முடியவில்லை. பதவியைவிட்டு இளையவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று 2023இல் கட்சிக்குள்ளேயே சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தில் தப்பில்லை என்பது நம் எண்ணம். ஆசனம் மக்களுடையது, உட்காருபவருக்கு உடம்பு முடியாவிட்டால் மக்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

அவர் காலமானபோது 1997இல் அவரை உள்ளே கொண்டுவந்த அதே விதிதான் வேலை செய்தது. 2020 பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நின்ற ச. குகதாசன் அந்த ஆசனத்துக்கு வந்தார். 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் திருகோணமலையில் தமிழரசுக் கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்து, குகதாசன் மறுபடி தெரிவானார்.

இனி நம் வீட்டுக் காரியம். 1949இல் பெயரை வெட்டினார்கள். நாடற்றவர் என்ற பெயர் முற்றாகப் போக, 1988, 2003 சட்டங்கள் வரை காத்திருந்தோம். இப்போது வெட்ட ஆள் இல்லை, ஆனால் நாமாகவே பெயரை விட்டுவிடுகிறோம். வீடு மாறிப் போனவர், கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கிற பையன், கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போன பெண், 18 வயது நிறைந்த பிள்ளை, இவர்கள் பெயர்தான் அதிகமாக விடுபடுகிறது. வருடா வருடம் இடாப்பு திருத்தும் காலத்தில் கிராம உத்தியோகத்தர் வீட்டுக்காரர் விவரத்தைப் பதிவார். லயத்தில் ஆள் இல்லாத நேரம் வந்துவிட்டுப் போனார் என்று இருந்துவிடாமல், அவருடைய அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயர்கள் எல்லாம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்தும் பட்டியலில் உள்ள எழுத்தும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். "மாரியாயி" ஓரிடத்தில் "மாரியம்மா" ஆகியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் சம்பள நாளுக்கு மறுநாள் பின்னேரம் நலன்புரி அலுவலகத்துக்கு வாங்க. அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் மறக்காமல் கொண்டு வாங்க.